நிற்பதற்கு ஓர் இடம்

பழைய சரக்கு வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, அதற்குள் கட்டிலும் அடுப்பும் அலமாரியும் பொருத்தி, அதையே வீடாக்கிக்கொண்டு வாழ்வது அமெரிக்காவில் புதிதல்ல. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் அது ஓர் இயக்கம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2011இல் ஃபாஸ்டர் ஹண்டிங்டன் என்ற இளைஞர் நியூயார்க்கில் பார்த்துவந்த ஆடை வடிவமைப்பு வேலையை உதறிவிட்டு ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் வேனில் குடியேறினார். தான் எடுத்த படங்களை 'வேன்லைஃப்' என்ற குறிச்சொல்லுடன் இணையத்தில் வெளியிட்டார். அன்று தொடங்கிய படங்களின் வரிசை இன்றுவரை நிற்கவில்லை. பின்கதவுகள் விரியத் திறந்திருக்கும்; உள்ளே வெள்ளை விரிப்பிட்ட கட்டில்; வெளியே கடலோ மலையோ. என் மாணவர்கள் இப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கண்டிருக்கிறேன். நானும் இரவு நேரங்களில் இவ்வகைக் காணொளிகளைப் பொழுது போவது தெரியாமல் பார்ப்பவன்தான்.

இலக்கிய நண்பர்களிடையே இதைப் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. முதல் கட்சியினருக்கு இவர்கள் தோரோவின் வாரிசுகள். நுகர்வுப் பண்பாட்டின் கழுத்துப்பட்டையைக் கழற்றி எறிந்தவர்கள். இரண்டாம் கட்சியினருக்கோ இது வசதி படைத்தவர்களின் வறுமை விளையாட்டு. இரு கட்சிகளுமே வண்டி ஓடுவதை மட்டும் பார்க்கின்றன என்பது என் கருத்து. ஓடுவதில் சிக்கல் ஏதுமில்லை. வேன் வீட்டின் உண்மையான கேள்வி, அது இரவில் எங்கே நிற்கிறது, யார் அனுமதியுடன் நிற்கிறது என்பதுதான். எளிய வாழ்வைப் பற்றி எழுதப்பட்ட பேரிலக்கியங்களும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

முதலில் அந்த வீட்டைக் கட்டும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அதை மதிக்காமல் மேலே பேசுவது நியாயமாகாது.

சரக்கு வேன் என்பது அடிப்படையில் ஓர் இரும்புப் பெட்டி. அமெரிக்காவில் இதற்கென அதிகம் நாடப்படுபவை மூன்று: மெர்சிடிஸின் ஸ்பிரிண்டர், ஃபோர்டின் டிரான்சிட், ஃபியட் வண்டி ஒன்றை அடிப்படையாகக் கொண்ட ராம் புரோமாஸ்டர். கையில் காசில்லாதவர்கள் ஃபோர்டின் பழைய எகனோலைனை வாங்குகிறார்கள். ஆனால் அதன் கூரை தாழ்வு, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. புரோமாஸ்டரின் சுவர்கள் ஏறக்குறையச் செங்குத்தானவை. உள்ளகலம் ஆறடிக்குச் சற்று மேல். ஆகையால் சராசரி உயரமுள்ள ஒருவர் குறுக்குவாட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். கட்டிலைக் குறுக்கே போட முடிந்தால் நீளத்தில் இரண்டடி மிச்சமாகிறது. அந்த இரண்டடியில் ஓர் அடுப்பங்கரை வந்துவிடும். பெரிய வேனின் சரக்கறையே சுமார் 14 அடி நீளம், 6 அடி அகலம்தான். இந்த 84 சதுர அடிக்குள்தான் படுக்கை, சமையல், குளியல், படிப்பு எல்லாம்.

வண்டி வந்ததும் முதல் வேலை கட்டுவதல்ல, களைவது. தரை விரிப்பை உரித்து, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு வண்ணம் பூச வேண்டும். மேலே பலகை அடித்துவிட்டால் பிறகு உள்ளே பரவும் துருவைக் காணவே முடியாது. அடுத்து கூரையில் ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட சதுரத் துளையை அறுத்து மின்விசிறி பொருத்துகிறார்கள். ஓடுகிற வண்டியின் கூரையைத் தன் கையாலேயே அறுக்கும் அந்தக் கட்டத்தில் எந்தக் காணொளியிலும் பேச்சு நின்றுபோகிறது. பிறகு சுவர்களின் இடுக்குகளில் ஆட்டுக் கம்பளியையோ நுரைப் பலகையையோ அடைக்கிறார்கள். குளிரைத் தடுப்பது மட்டும் இதன் நோக்கமல்ல. இருவர் படுத்துறங்கும் இரும்புப் பெட்டியில் அவர்கள் மூச்சிலிருந்து வெளிப்படும் ஈரம், குளிர்ந்த இரும்பில் பட்டு நீராக வடியும். அந்நீர் வடிய வழியின்றிப் பலகைக்குப் பின்னால் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும், துரு ஏறும். தம் மூச்சே தம் வீட்டை அரிக்கக்கூடும் என்பதைச் செங்கல் வீட்டில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடுகள். 100 வாட் தகடுகள் நான்கு இருந்தால், நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு யூனிட் கிடைக்கும். சிறு குளிர்பெட்டி, விளக்கு, விசிறி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு அது போதும். பழைய ஈய அமில பேட்டரியில் பாதிக் கொள்ளளவுக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். இப்போது பலர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிட்டார்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ கனக்கும். ஆகவே எத்தனை லிட்டர் சுமப்பது, எந்தப் பக்கம் வைப்பது, எதிர்ப்பக்கம் எதை வைத்துச் சமன்செய்வது என்றெல்லாம் கணக்குப் போட வேண்டும். மூடிய அறையில் அடுப்பெரிவதால் கார்பன் மோனாக்சைடை உணர்ந்து அலறும் கருவி கட்டாயம்.

இந்த வேலையில் ஓர் அறிவுத்துறை இருக்கிறது. தச்சன், கொல்லன், மின்பணியாளன், குழாய்க்காரன் ஆகிய நால்வரின் தொழிலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரே கற்கிறார். தன் வாழ்வுக்கு எத்தனை லிட்டர் நீர், எத்தனை வாட் மின்சாரம், எத்தனை அடி இடம் வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிகிறார். நம்மில் எத்தனை பேருக்கு நம் வீட்டைப் பற்றி இவ்வளவு தெரியும்? இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இவ்வளவும் முடிந்த பிறகு அது வீடாகிவிட்டதா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் தரும் விடைகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

அந்நாட்டு வருமான வரித்துறை, வீட்டுக் கடன் வட்டிக்குச் சலுகை அளிக்கும்போது, தூங்கும் வசதி, சமைக்கும் வசதி, கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால் படகையும் இழுவை வண்டியையும்கூட வீடாக ஏற்றுக்கொள்கிறது. ஆக, அந்த வண்டியின் பேரிலேயே கடன் வாங்கியிருக்கும் ஒருவருக்கு அது வீடு. வீடற்றோருக்கு உதவுவதற்காக 1987இல் இயற்றப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட கூட்டாட்சிச் சட்டமோ, காரில் இரவைக் கழிப்பவரை வீடற்றவர் என்றே வகைப்படுத்துகிறது. 1985இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், சான் டியேகோ நகரின் வாகன நிறுத்தத்தில் நின்றிருந்த வீட்டு வண்டியைக் காவல்துறை நீதிமன்ற ஆணையின்றிச் சோதனையிட்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்ளே மனிதர் வாழ்வதற்கான வசதிகள் இருந்தாலும், உடனே ஓட்டிச் செல்லத்தக்க நிலையில் இருப்பதால் அது வாகனமே என்பது நீதிமன்றத்தின் நோக்கு. ஒரே 84 சதுர அடி, வரித்துறைக்கு வீடு, நலத்துறைக்கு வீடின்மை, காவல்துறைக்கு வண்டி.

நான்காவது விடை ஒன்றும் உண்டு. என் மனத்தில் அதிகம் தங்கியது அதுதான். 2016இல் சியாட்டில் நகரில் தன் டிரக்கிலேயே வசித்துவந்த ஒரு தொழிலாளியின் வண்டி, ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் நின்றது என்ற காரணத்தால் இழுத்துச் செல்லப்பட்டது. அவருடைய தொழிற்கருவிகளும் அதனுள்ளேதான் இருந்தன. அவர் படுக்கையும் பிழைப்பும் ஒரே கொக்கியில் மாட்டிப் போய்விட்டன. வண்டி திரும்பக் கிடைக்க 547 டாலரை மாதம் 50 டாலர் தவணையில் கட்ட வேண்டியதாயிற்று. வழக்கு மேலே மேலே சென்று, 2021 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்த டிரக் அவருடைய குடியிருப்பே என்றும், குடியிருப்பைக் காக்கும் மாநிலச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றும், அவர் நிலையில் இருப்பவர்மீது அந்தத் தொகையைச் சுமத்துவது அரசியல் சட்டம் தடுக்கும் மிகையான தண்டத்தொகை என்றும் நீதிமன்றம் கூறியது. அந்த டிரக்கில் ஆட்டுக் கம்பளியும் இல்லை, சூரியத் தகடும் இல்லை. ஆனாலும் ஒரு நீதிமன்றம் அதை வீடென்று அழைத்தது, ஒரு மனிதன் அதில் வாழ்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக.

இதை நினைவில் வைத்துக்கொண்டு இலக்கியத்துக்கு வருவோம். தோரோவின் 'வால்டன்' நூலில் நாம் அனைவரும் வியக்கும் பகுதி அந்தச் செலவுக் கணக்கு. பத்தடிக்குப் பதினைந்தடி குடில். மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். 1845 ஜூலை 4ஆம் நாள் அதில் குடியேறி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக வாழ்ந்தார். வேன் வீட்டுக்காரர்கள் ஆணி முதல் அனைத்துக்கும் விலை எழுதி வெளியிடும் பட்டியல்களுக்கு மூலம் இந்தப் பக்கம்தான் என்று சொல்லலாம்.

அந்தப் பட்டியலில் இல்லாத இனம் ஒன்று இருக்கிறது. நிலம். வால்டன் குளக்கரையில் தோரோ குடில் போட்ட நிலம் எமர்சனுக்குச் சொந்தமானது. நண்பரின் இசைவோடு அங்கே இருந்தார். 28 டாலர் என்பது கட்டடத்தின் விலை. நிற்பதற்கான இடம் நட்பின் கணக்கில் வந்தது. தோரோவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நட்பை விலையிட முடியாது என்பது உண்மையே. ஆனால் எமர்சனைப் போல் ஒரு நண்பர் இல்லாதவன் அந்தக் கணக்கைப் பின்பற்றினால் குடில் கட்டிய மறுநாளே வெளியேற்றப்படுவான் என்பதும் உண்மை.

இன்னொரு செய்தியும் அதே நூலில் இருக்கிறது. நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடும் இடம் அது. குடிலுக்கான பலகைகளுக்காக, ரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் குடிசையை நாலே கால் டாலருக்கு தோரோ விலைபேசுகிறார். மறுநாள் விடியலில் காலின்ஸ் குடும்பம் காலிசெய்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். மறுநாள் காலை வழியில் அவர்களை எதிர்கொள்கிறார். அவர்கள் உடைமை முழுவதும் ஒரே மூட்டைக்குள் அடங்கியிருக்கிறது, பூனையைத் தவிர. பூனை காட்டுக்குள் ஓடிவிட்டது. அத்துடன் அந்தக் குடும்பம் நூலிலிருந்து மறைகிறது. தோரோ அந்தக் குடிசையைப் பிரித்துப் பலகைகளை வெயிலில் உலர்த்தித் தன் குடிலைக் கட்டுகிறார்.

உடைமைகளை ஒரு மூட்டைக்குள் அடக்கியவர்கள் அந்தக் காட்சியில் காலின்ஸ் குடும்பத்தார். எளிய வாழ்வின் ஆசானாக நமக்குக் கிடைத்தவர் தோரோ. காலின்ஸுக்குச் சிறுமை வாய்த்தது. தோரோ அதைத் தேர்ந்தெடுத்தார். ஒரே பலகைகள் ஒரு கையில் வறுமையாக இருந்து மறு கைக்கு மாறியதும் தத்துவமாகின்றன. இடையில் மாறியது நிலத்தோடு இருந்த உறவு மட்டும்தான்.

ஸ்டைன்பெக்கிடம் இந்த இரட்டை நிலை ஒரே எழுத்தாளரின் இரு நூல்களாகவே அமைந்துவிட்டது. 1939இல் வெளிவந்த 'கோபத்தின் கனிகள்' நாவலில் ஜோட் குடும்பம் ஒரு பழைய ஹட்சன் காரின் உடலை வெட்டி டிரக்காக மாற்றி, வீட்டுச் சாமான்களோடு கலிஃபோர்னியாவுக்குப் புறப்படுகிறது. வாகனத்தை அறுத்து வாழ்விடமாக மாற்றும் வேலை அமெரிக்க இலக்கியத்தில் பெருங்காட்சியாக வருவது அங்கேதான். இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1960இல், அதே ஆசிரியர் ஒரு புதிய டிரக்கின் மேல் சிறு அறையைப் பொருத்தி, டான் கிஹோத்தேயின் குதிரையின் பெயரை அதற்கு இட்டு, தன் நாய் சார்லியுடன் நாட்டைச் சுற்றிவருகிறார். அந்தப் பயணம் 1962இல் நூலாயிற்று. இரண்டும் சக்கரத்தின்மேல் வீடுதான். ஆனால் ஸ்டைன்பெக்குக்குத் திரும்பிச் செல்ல வீடு இருந்தது. ஜோட் குடும்பத்தின் வீட்டையோ டிராக்டர் இடித்திருந்தது.

நாவலில் ஜோட் குடும்பத்தை வருத்துவது பயணம் என்பதைவிட நிறுத்தம் என்பதே பொருந்தும். பயணத்திலும் இழப்புகள் உண்டு. ஆனால் சாலையோர முகாம்களில் கூடாரம் போட்ட பின்னர்தான் காவலர்களும் உள்ளூர்க்காரர்களும் வந்து கிளப்புகிறார்கள். கொஞ்சம் மூச்சுவிடக் கிடைக்கும் ஒரே இடம் அரசு நடத்தும் முகாம். அங்கே ஓடும் தண்ணீர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, குடியிருப்போரே தேர்ந்தெடுத்த குழு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஆர்வின் என்ற ஊரில் உண்மையிலேயே இயங்கிய முகாமை அடியொற்றியது அது.

அக்காலத்தின் சட்ட வரலாறு இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஏழைகளை மாநிலத்துக்குள் அழைத்து வருவதையே கலிஃபோர்னியா குற்றமாக்கியிருந்தது. மனைவியின் சகோதரனை டெக்சாஸிலிருந்து பழைய காரில் கூட்டிவந்த ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1941இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாகச் செல்லாதென்றது. வறுமையைக் காரணம் காட்டி ஒரு மனிதனை எல்லையில் நிறுத்த முடியாது என்றாயிற்று. அது பெரிய வெற்றிதான். ஆனால் அது செல்லும் உரிமையை மட்டுமே தந்தது. சென்ற இடத்தில் இரவு கண்ணயரும் உரிமையைத் தரவில்லை. 2024 ஜூன் 28ஆம் நாள், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர் பற்றிய வழக்கில், பொது இடங்களில் தங்கித் தூங்குவோரைத் தண்டிக்கும் விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணான கொடுந்தண்டனை ஆகா என்று அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் கிடைக்கும் செய்தி இது: ஏழையே, நீ எங்கும் போகலாம், எங்கும் நிற்காதே.

2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு இந்தச் செய்தியை அனுபவித்து அறிந்தவர்களின் கதையைத்தான் ஜெசிகா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலாக எழுதினார். வீட்டுத் தவணை கட்ட முடியாமல், ஓய்வூதியமும் போதாமல், அறுபது எழுபது வயதில் வேன்களில் குடியேறியவர்கள் அதன் மாந்தர். பண்டிகைக் காலத்தில் அமேசான் கிடங்குகளில் பொருட்களைப் பொறுக்கி அடுக்குகிறார்கள். கோடையில் முகாம்களைக் காவல் காக்கிறார்கள். கிழங்கு அறுவடைக்குப் போகிறார்கள். நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றொரு ஜிப்சம் ஆலைக் குடியிருப்பு இருந்தது. 2011இல் ஆலை மூடப்பட்டபோது அந்த ஊரின் அஞ்சல் குறியீடே நீக்கப்பட்டது. குளோயி சாவ் 2020இல் எடுத்த திரைப்படம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் நாயகி தன்னை வீடற்றவள் என்று யாரும் சொல்வதை ஏற்பதில்லை. தனக்கு இல்லாதது கட்டடம் மட்டுமே என்று திருத்துகிறாள்.

அவர்கள் கூடும் இடம் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் பாலைவனம். 1995இல் மணமுறிவுக்குப் பின் வாடகை கட்ட வழியின்றி வேனில் குடியேறிய பாப் வெல்ஸ் என்பவர், 2005இல் இதற்கென ஓர் இணையதளம் தொடங்கி, 2011 முதல் அங்கே ஆண்டுக் கூட்டம் நடத்தலானார். பேட்டரியை எப்படி இணைப்பது என்பதோடு, நகரத்தில் கண்ணில் படாமல் இரவைக் கழிப்பது எப்படி என்பதும் அங்கே கற்பிக்கப்படுகிறது. சன்னல் இல்லாத வெள்ளை வண்டியை வாங்கு, குழாய்ப் பணியாளரின் வண்டிபோலத் தோன்றும். இருட்டிய பின் வா, விடியுமுன் கிளம்பு. உள்ளே இருக்கும் வெளிச்சம் வெளியே கசியாதபடி கறுப்புத் திரை போடு. ஒரே தெருவில் இரண்டு இரவு தங்காதே. வீட்டுக்கு முன்வாசல் வைத்து விளக்கேற்றுவது மனித வழக்கம். இங்கே வீட்டின் முதல் இலக்கணமே அது வீடுபோல் தெரியக்கூடாது என்பதாக இருக்கிறது. பாலைவனத்துப் பொதுநிலங்களில்கூடப் பெரும்பாலான இடங்களில் 14 நாள்தான் கெடு. அதன் பின் நகர்ந்தாக வேண்டும்.

முகவரி இல்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை, வங்கிக் கணக்கில்லை. இதற்காகப் பலர் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போகிறார்கள். ஓர் இரவு தங்கியதற்கான ரசீதும், அஞ்சல்களை வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் முகவரியும் இருந்தால் அந்த மாநிலம் உரிமம் தந்துவந்தது. அதே மாநிலம் 2023இல், வாக்காளராகப் பதிய 30 நாள் தங்கியிருக்க வேண்டுமென்று சட்டம் இயற்றியது. சாலையில் ஓட்ட ஓர் இரவு போதும், வாக்களிக்க ஒரு மாதம் நின்றாக வேண்டும்.

நம்மவர்க்கும் இதில் தொடர்பில்லாமல் இல்லை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ, கூகுளின் தலைமையகம் உள்ள ஊர். அங்கும் அதைச் சுற்றியும் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். இக்கட்டுரையைப் படிப்போரிலும் சிலர் இருப்பர். அவ்வூர்த் தெருக்களில் வரிசையாக நின்ற வீட்டு வண்டிகளை அவர்கள் அறிவார்கள். அவற்றில் வாழ்வோருள் அதே ஊரில் வேலை செய்துகொண்டு அதே ஊரில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் உண்டு. 2020 நவம்பரில் அவ்வூர் வாக்காளர்கள் ஒரு விதியை நிறைவேற்றினார்கள். 40 அடி அகலத்துக்கு மேற்படாத தெருக்களில் பெரிய வாகனங்கள் நிற்கக் கூடாது. ஏழடிக்கு மேல் உயரமிருந்தாலே அது பெரிய வாகனம். நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காக உயர்ந்த கூரை வேனை வாங்கினால் அதன் வெளியுயரம் ஏறக்குறைய ஒன்பதடி. வண்டிக்குள் நிமிர்ந்து நிற்பவன் தெருவில் நிற்க முடியாது.

மறுதரப்பில் நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. கழிவுநீர் தெருவில் விடப்பட்டால் அங்கு வசிப்பவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். பொதுத் தெரு எவருக்கும் பட்டாப் போட்டுத் தரப்பட்டதல்ல. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு: 84 சதுர அடியை வீடென்று நாம் ஒப்புக்கொண்டால், முறையான வீடு கட்டித் தரும் கடமையிலிருந்து அரசு நழுவிவிடாதா? குடிசையைப் புகழ்ந்தே குடிசையில் இருப்பவனை அங்கேயே இருத்திவிடும் கவிதைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் என் விடை இது. வேனில் வாழ்பவரை வீடற்றவர் என்று எண்ணி அவருக்கு வீடு தேடித் தருவது ஒன்று. அதுவரை அவர் இருக்கும் வேனை வீடென்று மதித்து அதைப் பறிக்காமல் இருப்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சான்டா பார்பரா நகரில் 2004 முதல் ஒரு தொண்டு நிறுவனம், தேவாலயங்களும் அரசு அலுவலகங்களும் இரவில் பயன்படுத்தாத வாகன நிறுத்தங்களை வேன்களில் உறங்குவோருக்குத் திறந்துவிடுகிறது. மாலையில் வந்து காலையில் கிளம்ப வேண்டும். கூடவே நிலையான வீடு தேடவும் உதவுகிறார்கள். பெரிய செலவு ஏதுமில்லை. எவருக்கும் பயன்படாமல் கிடக்கும் வெற்றுத் தரைதான் அங்கே தரப்படுகிறது. ஸ்டைன்பெக் காட்டிய அரசு முகாமின் சிறு வடிவமென்றே இதைச் சொல்லலாம். மற்ற ஊர்களும் இதைப் பின்பற்றின. ஆனால் தேவைக்கு முன்னால் அவை மிகச் சில.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லைக் குறிப்பிட்டு முடிக்க விரும்புகிறேன். 'வீடு' என்பது 'விடு' என்ற வினையின் முதனிலை நீண்டு பிறந்த தொழிற்பெயர். அறம், பொருள், இன்பம் என்பவற்றோடு நான்காவதாக வைத்து எண்ணப்படும் வீடும், நாம் குடியிருக்கும் வீடும் ஒரே சொல். பற்றை விடுவதும், பாரத்தை இறக்கி விடுவதும், நாளின் களைப்பை விடுவதும் அதில் அடங்கும். வேன் வாழ்வைப் பாடுவோர் இந்தச் சொல்லை அறிந்தால் கொண்டாடுவார்கள். எல்லாவற்றையும் விட்டதால் எங்களுக்கு வீடு கிடைத்தது என்பார்கள். அதற்கு எனக்கும் உடன்பாடே. ஆனால் எதையும் விடுவதற்கு முதலில் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். தலைச்சுமையை இறக்கி வைக்க நம் முன்னோர் வழியெங்கும் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நடப்பவனுக்கு வழி மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, அழகிய வேன் வீடு ஒன்றின் படத்தை இனிப் பார்க்கும்போது அதன் மரவேலையை வியப்போம், அதில் தவறில்லை. கூடவே, இது இன்றிரவு எங்கே நிற்கும், கதவைத் தட்டிக் கிளப்ப யாரும் வருவார்களா என்றும் கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டாதவர் வாழ்வது எளிய வாழ்வு. அஞ்சியபடி கண்ணயர்பவர் வாழ்வதும் அதே அளவுள்ள பெட்டியில்தான், ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்து, ஒரே புகழ்ச்சியால் மூடிவிடும் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், மூட்டையோடு போன காலின்ஸ் குடும்பத்தை அது இன்னொரு முறை வழியனுப்பி வைக்கிறது.